மேக்ரோ கணக்கு உணவுமுறையும் குடல் நலமும்

சரவணம்பட்டியில் சத்தி சாலையை ஒட்டித் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும், அவற்றைத் தொடர்ந்து உடற்பயிற்சிக் கூடங்களும் பெருகிய பின்னர், எங்கள் குடல், இரைப்பை நலப் பிரிவுக்கு வருவோரிடம் ஒரு புதிய பழக்கத்தைக் காண்கிறோம். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், முன்பெல்லாம் "எப்பவும்போலத்தானுங்க டாக்டர்" என்ற விடைதான் வரும். இப்போது கைப்பேசியை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் புரதம் 142 கிராம், மாவுச்சத்து 178 கிராம், கொழுப்பு 57 கிராம் என்று முந்தைய நாளின் உணவு முழுவதும் பதிவாகியிருக்கிறது. மருத்துவருக்கு இது மகிழ்ச்சி தரும் மாற்றமே. எனினும் கைப்பேசியை நீட்டும் அதே நபர், மூன்று நாளாக மலம் கழியவில்லை என்றோ, அலுவலகத்தில் பிறர் அருகே அமர முடியாத அளவுக்கு வாயு பிரிகிறது என்றோ சொல்லித் தயங்குகிறார். உடன் வரும் தாயார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாத்தையும் தராசுல வெச்சு நிறுத்துத்தானுங்க சாப்பிடறான். அப்புறமும் எதுக்குங்க வயிறு கெடுது?"

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான விடை.

உணவில் நமக்கு ஆற்றல் தருபவை மூன்று: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. இவற்றைப் பேரளவுச் சத்துகள் என்கிறோம். இளைஞர்கள் சுருக்கமாக 'மேக்ரோ' என்கிறார்கள். ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் ஏறத்தாழ 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் வகுத்த இந்த எண்களைத்தான் இன்றைய செயலிகளும் பொட்டலங்களின் மேலட்டைகளும் பயன்படுத்துகின்றன. உடல் எடை, உழைப்பு, குறிக்கோள் ஆகியவற்றைக் கொண்டு நாளொன்றுக்கு இம்மூன்றும் எவ்வளவு என்று வகுத்துக்கொண்டு, அந்த வரம்புக்குள் எதை வேண்டுமானாலும் உண்ணலாம் என்பதே நெகிழ்வான மேக்ரோ கணக்கு உணவுமுறை. தடை செய்யப்பட்ட உணவு என்று எதுவும் இல்லை. கோழிக்கறியும் உண்ணலாம், பனிக்கூழும் உண்ணலாம். கணக்கு நேராக வந்தால் போதும். "இதைத் தின்னாதே, அதைத் தொடாதே" என்று வாட்டிய பழைய பத்திய முறைகளுக்கு எதிர்வினையாக உடற்பயிற்சியாளர்களிடையே இது பரவியது.

இம்முறையை நான் பழிக்கப்போவதில்லை. நம் ஊர்த் தட்டில் சோறு மலைபோலவும் பருப்பு ஓரமாகவும் இருப்பதே வழக்கம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நாடெங்கும் நடத்திய ஆய்வு, நாம் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதாகக் காட்டுகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீத அளவில்தான் நிற்கிறது. இட்லியையும் தோசையையும் எண்ணிக்கையில்லாமல் உண்டவர் முதன்முறையாகப் புரதத்தை அளந்து பார்ப்பது நன்மையே. எடை குறைகிறது, கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைகிறது, சர்க்கரை கட்டுப்படுகிறது. இவற்றை எங்கள் நோயாளிகளிடமே பார்க்கிறோம்.

சிக்கல் கணக்கில் எழுதப்படாத ஒன்றில் இருக்கிறது.

70 கிலோ எடையுள்ள ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவருடைய இலக்கு 140 கிராம் புரதம், 180 கிராம் மாவுச்சத்து, 58 கிராம் கொழுப்பு. ஆக ஏறத்தாழ 1800 கலோரி. இதை அவர் இரண்டு விதமாக நிறைவேற்றலாம். முதல் விதம்: காலையில் இரண்டு ஸ்கூப் வே புரதப் பொடியும் வெள்ளை ரொட்டியும்; மதியம் நிறுத்து எடுத்த வெள்ளைச் சோறும் கோழி நெஞ்சுக்கறியும்; மாலையில் முட்டை வெள்ளைக் கருவும் ஒரு புரத பாரும்; இரவில் மீண்டும் கோழி, மிஞ்சிய கணக்குக்கு ஒரு கிண்ணம் பனிக்கூழ். இரண்டாம் விதம்: காலையில் 50 கிராம் கம்பில் செய்த கூழும் மோரும், இரண்டு முட்டையும், மதியம் 75 கிராம் அரிசிச் சோறு, 50 கிராம் பச்சைப்பயறு கடைந்தது, கோழி, ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல், மாலையில் ஒரு கொய்யாவும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும், பயிற்சிக்குப் பின் ஒரு ஸ்கூப் பொடி, இரவில் கோழியும் கீரையும் தயிரும். அளவைச் சற்றே கூட்டிக் குறைத்தால் இரண்டு நாள்களும் செயலியில் ஒன்றுபோலவே பச்சை நிறத்தில் ஒளிரும். ஆனால் முதல் நாளில் நார்ச்சத்து 10 கிராமைத் தொடுவதே அரிது. இரண்டாம் நாளில் அது 35 கிராமை நெருங்கும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்துள்ள அளவு, 2000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம். முதல் விதமாக உண்பவர் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பெறுகிறார். அவருக்கு நார்ச்சத்து எங்கே போய்ச் சேர்கிறது, யாருக்கு உணவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய வயிற்றின் குறை விளங்கும்.

நாம் உண்ணும் சர்க்கரையும் மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. செரிக்க முடியாத நார்ச்சத்தும், செரிமானத்துக்குத் தப்பிய ஒருவகை மாவுச்சத்தும் மட்டுமே பெருங்குடலுக்குச் சென்று சேருகின்றன. அங்கே நம் உடலில் வாழும் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி நுண்ணுயிரிகளில் மிகப் பெரும்பகுதி குடியிருக்கிறது. அவை நார்ச்சத்தை நொதிக்கவைத்துச் சில கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் பியூட்டிரேட் என்பது பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். உடலின் பிற செல்கள் இரத்தத்தின் வழியே ஊட்டம் பெறுகின்றன. இந்தச் செல்களோ நுண்ணுயிரிகள் சமைத்துத் தருவதையே பெரிதும் நம்பியிருக்கின்றன. வீட்டில் வேலையாளுக்குச் சோறு போடாமல் வேலை மட்டும் எதிர்பார்ப்பதுபோல, நார்ச்சத்தில்லாமல் நாம் குடலை நடத்துகிறோம்.

இது ஏட்டறிவு மட்டுமன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியோரும் காலரா நோயாளிகளுக்கு ஒரு சோதனை செய்தார்கள். வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசலுடன், சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சோள மாவை லிட்டருக்கு 50 கிராம் வீதம் கலந்து கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கின் அளவு குறைந்தது, விரைவில் நின்றது. அந்த மாவு பெருங்குடலை அடைந்து, நுண்ணுயிரிகளால் கொழுப்பமிலமாகி, அங்கே உப்பும் நீரும் உறிஞ்சப்படுவதற்கு உதவியதே காரணம். 2000ஆம் ஆண்டு உலகின் முன்னணி மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு இது. செரிக்காத ஒன்று செரிமான உறுப்பையே காப்பாற்றியது என்பதைப் பயிற்சி மருத்துவர்களுக்கு நான் இன்றும் வியப்போடுதான் சொல்கிறேன்.

நார்ச்சத்து கிடைக்காதபோது அந்த நுண்ணுயிரிகள் என்ன செய்யும்? மனிதக் குடல் நுண்ணுயிரிகளை எலிகளுக்குள் குடியேற்றி, உணவில் நாரை நீக்கிப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. குடற்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தையே நுண்ணுயிரிகள் அரித்துத் தின்னத் தொடங்கின; அந்தப் படலம் மெலிந்தபின் தொற்று எளிதில் நுழைந்தது. எலிக்கு நேர்ந்ததெல்லாம் மனிதருக்கும் அப்படியே நேரும் என்று கொள்ளக்கூடாது. எனினும் மனிதர்களிடம் செய்த இன்னொரு சோதனையில், இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டுமே உண்ட தன்னார்வலர்களின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் ஓரிரு நாளிலேயே மாறிப்போனது. நாரை நொதிக்கும் இனங்கள் குறைந்து, பித்தநீரைத் தாங்கும் இனங்கள் பெருகின. ஆறுதலான செய்தியும் அதில் உண்டு: பழைய உணவுக்குத் திரும்பியதும் சில நாளில் நுண்ணுயிர்க் கூட்டமும் பழைய நிலைக்குத் திரும்பியது.

உணவின் தரம் குறைந்தால் குடல் பாதிக்கப்படும் என்பதை நமக்கு மிக அருகிலேயே ஒருவர் நூறாண்டுக்கு முன் கண்டு எழுதினார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தில், 1918இல் இராபர்ட் மெக்காரிசன் என்ற இராணுவ மருத்துவர் ஒரு சிறு அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். உயிர்ச்சத்து அழிக்கப்பட்ட, தீட்டிய அரிசி போன்ற உணவுகளைக் குரங்குகளுக்குக் கொடுத்து வந்தபோது, அவற்றின் இரைப்பையும் குடலும் அழன்று, வயிற்றுப்போக்கும் சீதபேதியும் உண்டாயின. உணவுக் குறையின் விளைவு முதலில் தென்படும் இடங்களுள் செரிமானப் பாதையும் ஒன்று என்று அவர் கருதினார். அவருடைய குரங்குகளுக்கு இல்லாமற்போனது உயிர்ச்சத்து. நாம் இங்கே பேசுவது நார்ச்சத்து. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆயினும், வயிறு நிறைந்தது என்பதும் குடலுக்கு உணவு கிடைத்தது என்பதும் வேறுவேறு என்பதை அந்த மலையூர் ஆய்வகம் அன்றே காட்டியது. அந்தச் சிற்றறையே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, நான் மேலே குறிப்பிட்ட தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகிறது.

மலச்சிக்கல் ஏன் வருகிறது என்பது இப்போது விளங்கியிருக்கும். மலத்துக்குப் பருமனும் ஈரமும் தருவது நார். அது குறைந்தால் மலம் இறுகுகிறது. முக்கிக் கழிக்க நேர்கிறது. ஆசனவாயில் வெடிப்பும் மூலமும் உண்டாகின்றன. இருபத்தெட்டு வயதில் மூலத்துக்கு மருத்துவம் தேடுபவரின் செயலியைத் திறந்து பார்த்தால் நார்ச்சத்து 8 கிராம் என்று இருக்கும். அந்த எண் செயலியிலேயே ஓர் ஓரத்தில் பதிவாகிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

வாயுத் தொல்லைக்குக் காரணங்கள் பல. புரதத்தை மிகுதியாக உண்ணும்போது செரிக்காத சிறு பகுதி பெருங்குடலை அடைந்து அழுகுகிறது. அதில் பிறக்கும் கந்தகம் கலந்த வாயுவே துர்நாற்றத்துக்குக் காரணம். ஆனால் வயிறு உப்புகிறது என்று வருவோர் பலருக்கு உண்மையான குற்றவாளி வேறு. தென்னிந்தியர்களில் பலருக்கு வயது வந்தபின் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை முழுமையாகச் செரிப்பதில்லை. நல்ல தரமான வே பொடி ஒரு ஸ்கூப்பில் லாக்டோஸ் இரண்டு கிராம் அளவில்தான் இருக்கும். அதைக் கரைக்கும் 300 மில்லி பாலிலோ ஏறத்தாழ 14 கிராம் இருக்கிறது! பொடியை மாற்றி மாற்றி வாங்கிச் செலவழிப்பதற்கு முன், இரண்டு வாரம் தண்ணீரில் கலந்து குடித்துப் பாருங்கள். தயிரும் மோரும் இத்தகையோருக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

அடுத்தது புரத பார், சர்க்கரையில்லா இனிப்பு வகைகள். மேலட்டையில் மால்டிட்டால், சார்பிட்டால் என்று எழுதியிருந்தால் அவை சிறுகுடலில் அரைகுறையாகவே உறிஞ்சப்படுபவை. இரண்டு மூன்று பார்களை உண்டால் வாயுவும் பேதியும் வருவது இயல்பு. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வரியைப் பார்த்துக் கணக்கில் மிச்சம் பிடித்ததாக நினைப்பவர் மாலையில் கழிப்பறையில் அதற்கு வட்டி கட்டுகிறார். சுக்ரலோஸ், சாக்கரின் போன்ற செயற்கை இனிப்புகள் சிலரிடம் குடல் நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றுவதாக மனித ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லோருக்கும் தீங்கு என்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆனாலும் நாளுக்கு நான்கு வேளை அவற்றைச் சேர்ப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

பொடியைப் பற்றி ஒரு சொல். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. நலமாக உள்ள இளைஞர் நாளுக்கு ஒரு ஸ்கூப் எடுத்துக்கொள்வதை நான் தடுப்பதில்லை. உணவுக்கு மாற்றாகப் பொடி வந்து உட்காரும்போதுதான் தடுக்கிறேன்.

சரி, என்ன செய்வது? கணக்கைக் கைவிட வேண்டியதில்லை. நான்காவதாக நார்ச்சத்து என்ற ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதற்கும் ஓர் இலக்கு வையுங்கள். நாளுக்கு 25 முதல் 30 கிராம். உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தொகுக்கப்பட்டு 2019இல் வெளியான பேராய்வில், நார்ச்சத்து மிகுதியாக உண்டவர்களிடம், குறைவாக உண்டவர்களைவிட, இதயநோய், நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தன. 25 முதல் 29 கிராம் உண்டவர்களிடம் அந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது.

இந்த இலக்கை எட்டுவதற்குக் கொங்கு நாட்டுச் சமையலறையைவிட்டு வெளியே போகவே வேண்டாம். நூறு கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. கம்பிலும் ராகியிலும் 11 கிராமுக்கு மேல், சோளத்தில் 10 கிராம். முழுப் பச்சைப்பயறில் 17 கிராம் நாரும் 22 கிராம் புரதமும் சேர்ந்தே வருகின்றன. முழுக் கொண்டைக்கடலையில் நார் 25 கிராம். கொய்யாவில் 8 கிராமுக்கு மேல். கொள்ளில் நார் 8 கிராம் அளவுதான் என்றாலும் புரதம் 21 கிராம். வீட்டில் சமைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்: மகனோ மகளோ தனியாகக் கோழியை வேகவைத்துக்கொண்டு குடும்பத் தட்டிலிருந்து விலகிப்போக வேண்டிய தேவையில்லை. அரிசியும் பருப்பும் சாதம் செய்யும் நாளில், போட்ட அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எத்தனை பேர் உண்டார்கள் என்று சொல்லிவிட்டால் அவர்களே கணக்கிட்டுக்கொள்வார்கள். பருப்பின் அளவைச் சற்றுக் கூட்டி, தோலுள்ள பயறும் கலந்தால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நூறு கிராம் அரிசி வெந்தபின் இரண்டரை, மூன்று மடங்கு எடையாகும். வெந்த சோற்றை நிறுத்துவிட்டு அரிசி என்று பதிவுசெய்தால் கணக்கு முழுவதும் பிழையாகும். பட்டினியாகக் கிடந்து எடை குறைப்போரில் சிலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சமைத்து ஆறவைத்த சோற்றில் செரிமானத்துக்குத் தப்பும் மாவுச்சத்து ஓரளவு கூடுகிறது. பழைய சோற்றுக்கு மோர் சேர்த்து உண்பது அவ்வகையில் குடலுக்கு ஏற்றதே. இட்லி மாவு புளித்ததுதான் என்றாலும், ஆவியில் வேகும்போது அந்த நுண்ணுயிரிகள் இறந்துவிடுகின்றன. ஆதலால் உயிருள்ள நுண்ணுயிரிகளுக்கு இட்லியைவிடத் தயிரையும் மோரையும் நம்பலாம்.

நாரை ஒரே நாளில் கூட்டாதீர்கள். 8 கிராம் உண்டவர் மறுநாளே 35 கிராம் உண்டால் வயிறு உப்பி, "டாக்டர் சொன்னதைக் கேட்டு இன்னும் கெட்டது" என்று திரும்பி வருவார். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள். பயறுகளை இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு வேகவைத்தால் வாயு குறையும். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குச் சில பயறுகளும் வெங்காயமும் பூண்டும் ஒத்துவராமல் போகலாம். அவர்கள் உணவியல் வல்லுநரின் துணையோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். குரோன் நோயால் குடல் சுருங்கியவர்களும், அண்மையில் குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் நாரைத் தாமாகக் கூட்டவே கூடாது.

மேக்ரோ கணக்கையே மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாதவர்களும் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மிகுபுரதம் கேடு செய்யும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற மாத்திரைகளில் இருப்பவர்கள் மாவுச்சத்தை வெகுவாக வெட்டினால், இரத்தத்தில் அமிலம் ஏறும் அவசரநிலை உண்டாகலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக உயராமலே இருப்பதால் வீட்டில் கண்டுபிடிப்பதும் கடினம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறைத்தால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. கணக்கு ஒரு கிராம் பிசகினால் உறக்கம் வராமல் தவிப்பவர்கள், உறவினர் வீட்டு விருந்துக்கே போக அஞ்சுபவர்கள் எங்களிடம் வருவதற்கு முன் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. வீட்டிலுள்ளவர்கள்தாம் அதை முதலில் கவனிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. வயிற்றில் எது நேர்ந்தாலும் "புது டயட்டால்தான்" என்று நாள்களைத் தள்ளிப்போடாதீர்கள். மலத்தில் இரத்தம், கறுத்த மலம், உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, கணக்குப்படி குறைய வேண்டியதற்கு மேலாகக் குறையும் எடை, நாற்பத்தைந்து வயதுக்குமேல் புதிதாக மாறிய மலப்பழக்கம் ஆகியவை எந்த உணவுமுறையில் இருப்பவருக்கும் பரிசோதிக்கப்பட வேண்டியவை. இரத்தப்போக்கை மூலம் என்று தாமே முடிவுசெய்து களிம்பு தடவிக்கொண்டு மாதங்களைக் கழித்தவர்களிடம் குடல் அழற்சி நோயையும், சிலரிடம் புற்றுநோயையும் நாங்கள் கண்டறிய நேர்ந்திருக்கிறது. அவர்களிலும் எடை குறைகிறது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

புறநோயாளிகள் பிரிவுக்கு வரும்போது கடந்த இரண்டு வாரச் செயலிப் பதிவையும், உண்ணும் பொடி, பார் ஆகியவற்றின் மேலட்டைப் படத்தையும், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு இறுக்கமாகக் கழிகிறது என்பதையும் அதே செயலியில் குறித்து வைத்திருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.